சத்தம் கேட்காத பள்ளிக்கூடம்

போன மாதம் நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூட்டத்தில், வடைக்கும் காப்பிக்கும் நடுவே, ஓர் இளம் அதிகாரி பேசினார். ஒவ்வோர் ஆசிரியரும் தன் சொந்த வழியில் பாடம் நடத்த ஊக்கம் தர வேண்டும், வகுப்பில் அவரவர் தனித்தன்மை தெரிய வேண்டும் என்றார். நாம் எல்லோரும் கை தட்டினோம். தட்டிக்கொண்டே, "இதை நம்ம காலத்துல செஞ்சிருந்தா மெமோ வந்திருக்கும்" என்று உங்களில் ஒருவர்தான் என் காதைக் கடித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சிரிப்பு ஓய்ந்துவிட்டது. நான் கண்ட முதல் தனித்தன்மை எப்படி முடிந்தது என்று உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே மெமோ எதுவும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மூணாறிலிருந்து ஜீப்பில் ஏறிக் குடல் இடம் மாறும் அளவுக்குக் குலுங்கிய பிறகு வரும் ஒரு தேயிலை எஸ்டேட். உச்சியில் பெரட்டுக்களம், அதாவது காலையில் எல்லோரும் கூடிப் பேர் கொடுத்து வேலைக்குப் பிரியும் இடம். அதற்குக் கீழே வரிசையாக லயங்கள், தொழிலாளர் குடியிருக்கும் ஒற்றை அறை வீடுகள். எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு பள்ளத்தில், தகரக் கூரை போட்ட ஒரே நீள அறை. அதுதான் ஸ்கூல். ஒன்றிலிருந்து நான்கு வரை தமிழ் வகுப்புகள். நடுவில் சுவர் கிடையாது. ஒரு கோடியில் தலைமை ஆசிரியரான பெரிய சார் ஒன்றையும் இரண்டையும் மேய்ப்பார். மறு கோடியில் இன்னொருவர் மூன்றையும் நான்கையும் மேய்ப்பார்.

பள்ளத்தைச் சுற்றி நாலு பக்கமும் கொழுந்து மலை. எங்கள் அம்மாமார்கள் அங்கேதான் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். சில்வர் ஓக் மரங்கள் மறைப்பதால் மேலேயிருந்து ஸ்கூல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். பிரார்த்தனை கேட்டால் வேலை சூடு பிடிக்கும். வாய்ப்பாடு கேட்டால், பறித்த கொழுந்தை எடை போடும் முதல் நிறுவைக்கு நேரமாச்சு என்று கை வேகமாகும். செய்யுள் ஒப்பிக்கும் சத்தம் கேட்டால், பிள்ளைகளுக்கு இனி உப்புமா, அந்த மஞ்சள் நிற மக்காச்சோள உப்புமா, எண்ணெய் வாடையோடு. பிள்ளை பத்திரமாக இருக்கிறது, படிக்கிறது என்பதற்கு அவர்களுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் சத்தம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வேறு எதை வைத்து ஒரு ஆசிரியரை எடை போடுவார்கள்?

மூன்றுக்கும் நான்குக்கும் முன்பு இருந்த சார் இதில் மன்னர். "சத்தமாச் சொல்லுலே, ஆத்தாளுக்குக் கேக்கணும்" என்று பிரம்பால் மேசையைத் தட்டுவார். மேசையில் தட்டாத நேரத்தில் எங்கள் மேல் தட்டுவார். அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது அவருடைய கல்வித் தத்துவம். எஸ்டேட்டில் அவருக்கு நல்ல பெயர். மாற்றலாகிப் போன அன்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாங்கள் பிரம்பை அடுப்பில் வைத்தோம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பில் அந்த வருஷம் நான் ஒருத்திதான். என்னோடு படித்தவர்களில் சிலரை ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் பிள்ளைகளைத் தம்பி தங்கச்சிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பார்த்துக்கொள்ளத் தம்பி இல்லை. இருந்திருக்க வேண்டும். அவனைப் பெறத்தான் அம்மா சித்திரையில் மலையிறங்கித் தன் ஊருக்குப் போனாள். பிள்ளை தங்கவில்லை. அம்மாவுக்கும் உடம்பு தேறவில்லை. 'அடுத்த மாசம் வந்திருவா' என்று அப்பா ஒவ்வொரு மாசமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்டு. விடிந்ததும் தேயிலைத் தூசி மணக்க வந்து படுப்பார். ஒரே அறை வீடு. டம்ளர் கீழே விழுந்தாலும் விழித்துக்கொள்வார். அதனால் நான் வீட்டில் பூனையாக நடக்கப் பழகியிருந்தேன். ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு கூட்டமாகக் கத்தும். நாலாம் வகுப்பு என்று வந்தால் நான் மட்டும் எழுந்து கத்த வேண்டும். ஒருத்தியாகக் கத்துவதை ஒப்பிப்பது என்று சொல்ல முடியாது, அது ஒப்பாரி. நான் வாயை மட்டும் அசைப்பேன். மலையில் என் குரலைத் தேடும் காது எதுவும் இல்லை, பிறகு யாருக்காகக் கத்துவது? அந்தச் சித்திரை முதல் என்னிடம் யாராவது பேசினார்கள் என்றால் அது பக்கத்து வீட்டு அத்தைதான். அத்தையும் என் அம்மாவும் ஒரே வரிசையில் கொழுந்து எடுத்தவர்கள். சாயங்காலம் எனக்கும் சேர்த்துச் சோறு வடிப்பாள்.

ஜூனில் மழையோடு மழையாக டீச்சர் வந்தார். கிழக்குப் பாலக்காட்டில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணம் ஆகாதவர். கடைசி லயத்தின் கோடியில், யாரும் குடியிருக்காத வீட்டை அவருக்கு ஒதுக்கினார்கள். அட்டை கடித்த கால்களோடு முதல் நாள் வகுப்புக்குள் வந்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா கண்ணு? உக்காருங்க" என்றார். வகுப்பு பேந்தப் பேந்த விழித்தது. எங்களிடம் அதுவரை 'வாங்க, உக்காருங்க' என்று சொன்னவர் எவரும் இல்லை. 'ஏலே'யும் 'ஏ புள்ள'யும்தான் எங்கள் பெயர்கள். ஒருவன் சிரித்தான், உடனே எல்லோரும் சிரித்தோம். டீச்சருக்கு ஏன் என்று புரியவில்லை. அவர் ஊரில் பிள்ளைகளிடம் அப்படித்தான் பேசுவார்களாம்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "நம்மள நக்கல் பண்ணுதாகளோ என்னவோ" என்றாள். யோசித்துவிட்டு, "நக்கலாவே இருந்துட்டுப் போகுது, கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எங்கள் மலை மழை உங்களில் சிலருக்குத் தெரியும். தகரக் கூரையில் அது இறங்கினால் பக்கத்தில் இருப்பவன் கொட்டாவி விடுகிறானா, கூப்பிடுகிறானா என்று தெரியாது. பழைய சார் மழையோடு போட்டி போட்டுக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். டீச்சர் ஒரு வாரம் கத்திப் பார்த்தார். அடுத்த வாரம் கத்துவதை நிறுத்திவிட்டு, சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினார்: 'மழை பேசட்டும். நாம் எழுதலாம்.'

அன்றிலிருந்து எங்கள் கோடியில் ஒரு புது வழக்கம். முதல் வரிசை முதல் பிள்ளை சிலேட்டில் ஒரு வரி எழுதும். பக்கத்துப் பிள்ளை அதைப் படித்துத் தன் சிலேட்டில் அடுத்த வரி எழுதும். இப்படி ஒரு கதை வகுப்பு முழுக்க ஊர்ந்து போகும். ஆரம்பத்தில் சந்தைக்குப் போன ஆடு கடைசி பெஞ்சில் துரை பங்களாவில் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும். கணக்கும் அப்படித்தான். ஒருவர் கணக்கு போட்டுக் கொடுக்க, மற்றவர் விடை எழுத, மூன்றாமவர் சரி பார்க்க வேண்டும். தப்பாக இருந்தால் அடி கிடையாது. எங்கே வழி தவறியது என்று கண்டுபிடித்துக் காட்டினால் போதும். வாய்ப்பாட்டை வாயால் பாடத் தெரிந்த பலருக்கு ஏழு பேருக்கு நாலு நாலு புளியங்கொட்டை பிரிக்கத் தெரியவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

நாலாம் வகுப்புக்காரியின் சிலேட்டை வாங்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அதனால் அது டீச்சரிடம் போகும். அவர் பதில் எழுதித் திருப்பிக் கொடுப்பார். அங்கேயும் மரியாதைதான். 'இன்று உங்கள் வீட்டில் யார் சமைத்தார்கள்?' என்று எழுதுவார். 'நான்' என்று எழுதுவேன். 'என்ன?' 'கஞ்சி.' 'எனக்கும் கஞ்சிதான். தொட்டுக்கொள்ள என்ன?' தண்டைக் கிள்ளினால் நீர் கசியும் ஒரு செடி ஸ்கூல் சுவரோரம் முளைக்கும். மலையாளத்துப் பிள்ளைகள் மஷித்தண்டு என்பார்கள். அதை வைத்துத்தான் சிலேட்டைத் துடைப்போம். டீச்சர் எழுதியதைத் துடைக்க எனக்கு மனசு வராது. துடைத்தால்தான் அடுத்த வரி வரும் என்பதால் துடைப்பேன். சித்திரைக்குப் பிறகு என்னை ஒருவர் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தது அப்போதுதான். எனக்கு டீச்சர் மேல் உயிர்.

பெரிய சார் தன் கோடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நல்ல மனுஷர். எங்கள் எஸ்டேட்டிலேயே பிறந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிக்கிறவர். ஒருநாள் ஆட்டுக்கதை சிலேட்டை வாங்கிப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார், யாராவது பார்த்துவிட்டார்களோ என்று. டீச்சரிடம் ஒரு வார்த்தை 'நல்லாயிருக்கு' என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது முப்பது வருஷம் வகுப்பில் நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மழை இருந்தவரை பிரச்சினை இல்லை. மழையில் எந்தச் சத்தமும் மலைக்கு ஏறாது என்பது அம்மாமார்களுக்குத் தெரியும். ஓணம் கழிந்து வானம் வெளுத்தது. பெரிய சாரின் சின்னப் பிள்ளைகள் 'அணில், ஆடு' என்று கூவுவது மேலே கேட்டது. மூன்றும் நான்கும் மட்டும் கேட்கவில்லை. டீச்சருக்கு அந்த வழக்கம் பிடித்துப் போயிருந்தது, எங்களுக்கும். குழாயடியில் பேச்சு கிளம்பியது. டீச்சர் தூங்குகிறாராம். டீச்சருக்குப் பாடம் தெரியாதாம். சம்பளம் வாங்கி வீட்டுக்கு அனுப்பத்தான் வந்தாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அப்போது பார்த்து யானை வந்தது. பக்கத்து டிவிஷனில் ஒரு கூட்டம் இறங்கி வாழையைத் தின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது கோயில் யானைக்கு. எங்கள் மலையில் யானைக்கு முன்னே வருவது அமைதிதான். யானையைக் கண்டால் ஓடாதே, கத்தாதே, மூச்சு விடாமல் உட்கார் என்று தவழும் வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் கூட்டமாக இருக்கும் இடம் திடீரென்று ஓய்ந்தால், அங்கே யானை நிற்கிறது என்று அர்த்தம். இது எங்கள் மலையில் நாய்க்குக்கூடத் தெரியும். வயல்காட்டிலிருந்து வந்த டீச்சருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவுமில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் பெரிய சார் சம்பள பில் விஷயமாக மூணாறுக்குப் போயிருந்தார். நாலு வகுப்பும் டீச்சர் பொறுப்பு. நல்ல வெயில். டீச்சர் எங்களை எல்லாம் ஸ்கூலுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களுக்குக் கூட்டிப் போனார். "ஆளுக்கொரு மரம் எடுத்துக்கங்க. கண்ணை மூடிட்டு உக்காருங்க. என்ன சத்தம் கேக்குதோ, அதை எழுதுங்க. சின்னவங்க படம் போடுங்க" என்றார். உட்கார்ந்தோம். நான் அதுவரை அந்த எஸ்டேட்டில் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. ஓடைத் தண்ணீர் கேட்டது. சிலேட்டுக் குச்சிகள் கிறீச்சிடுவது கேட்டது. பிறகு மெல்ல மெல்ல மேலேயிருந்து பெண்களின் பேச்சும், கூடையில் கொழுந்தை அமுக்கும் சத்தமும், யாரோ யாரையோ திட்டுவதும் கேட்டன. வழக்கமாக நாங்கள் கத்துவதால் எங்களுக்குக் கேட்காத சத்தங்கள்.

அந்தச் சத்தங்கள் திடீரென்று நின்றன. கொஞ்ச நேரம் கழித்து மலையே இடிந்து விழுவது போல ஒரு கூச்சல். தகரத்தை அடித்துக்கொண்டு, டின்னைத் தட்டிக்கொண்டு, கவாத்துக் கத்தியை ஓங்கிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்தடித்துப் பெண்கள் இறங்கி வந்தார்கள். "ஆனை, ஆனை" என்று அலறல். வந்து பார்த்தால் யானை இல்லை. மரத்துக்கு ஒன்றாகப் பிள்ளைகள், மடியில் சிலேட்டு. நடுவில் டீச்சர், கையில் சாக்பீஸ், முகத்தில் ஈயாடவில்லை.

ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை வாரி எடுத்தாள். சிலர் முத்தம் கொடுத்தார்கள், சிலர் முதுகில் ஓர் அடி வைத்தார்கள், இரண்டும் ஒன்றுதான். அத்தை தன் மகனை அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இருந்தது இரண்டு கை, ஒன்றில் பிள்ளை, ஒன்றில் டின். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் என் மரத்தடியில் நின்றேன். டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்களைத் தேடி ஆரும் வரலீங்களா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "எனக்கும் ஆரும் வரலீங்க" என்றார். அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

கொழுந்து கூடைகளிலேயே வாடிப் போயிற்று. மதிய நிறுவை தப்பியது. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் பஞ்சாயத்து என்று ஃபீல்டு ஆபீசர் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விடியும்போதே டீச்சர் ஸ்கூலுக்கு வந்து சிலேட்டுகளை ஒரு சாக்கில் அடுக்கினார். நானும் கூட அடுக்கினேன். நேற்று எழுதியவை அப்படியே இருந்தன. "அம்மாமாருங்க படிக்கத் தெரியாதவங்கதானுங்களே. நானே படிச்சுக் காட்டறேன். கேட்டா அவங்களே புரிஞ்சுக்குவாங்க" என்றார். அவர் முகத்தில் பயம் இல்லை, ஒரு ஆவல்தான் இருந்தது. ஒவ்வொரு சிலேட்டாக நானும் படித்தேன். 'எங்கம்மா பாட்டு முணுமுணுக்கிறாள்.' 'என் அக்கா சிரிக்கிறாள்.' 'சின்னாத்தா கங்காணியைத் திட்டுகிறாள், அவருக்குக் கேட்கவில்லை.' அத்தை மகனுடைய சிலேட்டில் இருந்தது: 'இப்போது இருமியது எங்கம்மா. நேற்றை விட ஜாஸ்தி.' என் சிலேட்டில் ஓடையைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

பெரட்டுக்களத்தில் ஆணும் பெண்ணும் கம்பளி போர்த்தி நின்றார்கள். மூச்சு புகையாக வந்தது. டீச்சர் சாக்குடன் ஓரமாக நின்றார். ஃபீல்டு ஆபீசர், "ஸ்கூல் நடத்துறதப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா நேத்து இந்த மலையில வேலை நின்னுபோச்சு. யாராவது காரணம் சொல்லணும்" என்றார். டீச்சர் சாக்கின் வாயை அவிழ்த்தார். அதற்குள், ராத்திரியே மூணாறிலிருந்து திரும்பியிருந்த பெரிய சார் முன்னால் போய்விட்டார்.

"டீச்சர் புதுசு, அனுபவமில்ல. நம்ம மலையைப் பத்தித் தெரியாமச் செஞ்சிட்டாங்க. அவங்களுக்குப் பதிலா நான் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். நாளையிலிருந்து பழையபடி சத்தமா ஸ்கூல் நடக்கும். அதுக்கு நான் பொறுப்பு" என்று கும்பிட்டார்.

"சார், நான் ஒண்ணு சொல்றனுங்க" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"சாரமில்ல டீச்சர், பரவாயில்ல, எல்லாம் முடிஞ்சாச்சு" என்று பெரிய சார் கையமர்த்தினார். ஃபீல்டு ஆபீசருக்கு நிம்மதி. சங்கு ஊதியது. எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். டீச்சர் சாக்கைத் திரும்பக் கட்டினார். நானும் அவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினோம்.

சாயங்காலம் அத்தை அடுப்படியில் இருந்தபோது, அவள் மகன் எழுதியதை நான் சொன்னேன். அத்தை அகப்பையை வைத்துவிட்டு, "நெசமாவா எழுதினான்?" என்றாள். மகனைப் பார்த்தாள். அவன் வெட்கப்பட்டு வெளியே ஓடிவிட்டான். "இத ஏன் டீச்சர் அங்க சொல்லல?"

"சொல்ல விடல" என்றேன்.

"நாங்க ஆனைன்னுதான் புள்ள பயந்தோம். டீச்சர் மேல எங்களுக்கு என்ன பகை? ஆனா பெரிய சாரே தப்புன்னு மன்னிப்புக் கேட்டுட்டாருல்லா. அப்பறம் நாம என்ன பேச." அத்தை அகப்பையை எடுத்துக் குழம்பைக் கிளறினாள்.

பல வருஷம் கழித்து, நானே ஆசிரியையான பிறகு, பெரிய சாரைப் போய்ப் பார்த்தேன். கண் மங்கிப் போயிருந்தது. நான் கேட்காமலே அந்தப் பேச்சை எடுத்தார். "அந்தப் பிள்ளையோட வேலையக் காப்பாத்தணும்னுதான் முந்திக்கிட்டேன். காப்பாத்தவும் செஞ்சேன்" என்றார். உண்மைதான், வேலை தப்பியது. செய்யாத குற்றத்தை ஒருவர் தலையில் வைத்து, அதற்கு மன்னிப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டால், அந்த மனுஷி பிறகு எதைப் பேசுவாள்? அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. கிழவரை நோகடித்து என்ன ஆகப்போகிறது? உங்களிடம்தான் சொல்கிறேன்.

அடுத்த நாள் முதல் டீச்சர் வாசலில், மலையைப் பார்த்து நின்றுகொண்டார். வகுப்புக்கு முதுகு. "சொல்லுங்க கண்ணு" என்பார். நாங்கள் கத்துவோம். அவரும் கூடவே கத்துவார், எங்கள் எல்லோரையும் விடச் சத்தமாக. நாலாம் வகுப்பின் முறை வரும்போது என் மெலிந்த குரலோடு அவர் குரல் சேர்ந்துகொள்ளும். மரங்களுக்கு மேலேயிருந்து பெண்கள் பதிலுக்குக் கூவுவார்கள். அவர் சத்தம் வந்த பக்கம் கையை அசைப்பார். சிலேட்டில் பதில் எழுதுவது நின்றுபோனது. நான் இரண்டு மூன்று தடவை எழுதி நீட்டிப் பார்த்தேன். படித்தார், தலையைத் தடவினார், திருப்பிக் கொடுத்தார். எனக்குத் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த நாட்களின் தனிமை, அம்மா போன நாட்களின் தனிமையை விடப் பெரியது. அம்மா ஊரில் இருந்தாள். டீச்சர் கண் முன்னாலேயே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் கல்வி அதிகாரி, ஏ.இ.ஓ., வந்தார். மலையாளத்துக்காரர். வாசலில் நின்று வாய்ப்பாட்டைக் கேட்டார். "கொள்ளாம் டீச்சரே, நல்ல அச்சடக்கம்" என்று எங்கள் ஒழுங்கைப் பாராட்டினார். பெரிய சாருக்குப் பெருமை தாங்கவில்லை. எஸ்டேட்டில் டீச்சருக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. அந்த நல்ல பெயரை வைத்துத்தான் அவர் கேட்ட மாற்றல் உடனே கிடைத்தது. அவர் ஊர்ப் பக்கமே ஒரு ஸ்கூல்.

கிறிஸ்துமஸ் லீவு விட்ட அன்று டீச்சர் பஸ்ஸுக்கு நின்றார். ரோடு பிரியும் இடம், பக்கத்தில் கொழுந்து மலை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை. அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் நான் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்திருந்தேன். டீச்சருக்குக் கொடுக்க எல்லோரும் ஏதேதோ கொண்டு வந்திருந்தார்கள். பேரிக்காய், கேரட், தேயிலைத்தூள் பொட்டலம். என்னிடம் ஒன்றுமில்லை. கொடுக்காமல் அனுப்பவும் மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு, மூவேழ் இருபத்தொண்ணு. முதல் தடவையாக வாயை மட்டும் அசைக்காமல், யாருடைய குரலையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல், அடிவயிற்றிலிருந்து. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

டீச்சர் குறுக்கிடாமல் கடைசி வரை கேட்டார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி மேட்டிலிருந்து கூப்பிட்டாள். "பாத்தீகளா டீச்சர், ஊமையா இருந்த பிள்ள. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்." மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று மனசாரச் சிரித்தார்கள்.

டீச்சர் என் கன்னத்தைத் தொட்டார். "ஆமாங்க" என்று மேட்டைப் பார்த்துச் சொன்னார். "நெம்ப நல்லாச் சொல்றாங்க."

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றினார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பஸ் பின்னாலேயே ஓடிக்கொண்டு, இன்னும் சத்தமாக எட்டாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன்.